கூரையில் கட்டாதே, தம்பி!

தோட்டத் தோழர்களே!

இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார்.

"அண்ணே, லயத்துக்குப் பின்னால கொட்டகையில சின்னதா ஒரு பட்டறை போட்டிருக்கேன். கப்சாய் மோட்டார் சைக்கிள் வரும், புல்வெட்டி வரும், எப்பவாவது ஒரு வேன் வரும். எஞ்சினை மேல தூக்குறதுக்கு ஒரு செயின் பிளாக் வாங்கலாம்னு இருக்கேன். கூரை விட்டத்துல மாட்டிக்கலாமா?"

"கூடவே கூடாது, தம்பி!" என்றோம்.

நாம் சொன்ன வேகத்தில் அவர் ஓர் அடி பின்வாங்கி விட்டார். அந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு செய்யும் முறைக்கு வருவோம்.

2013-ஆம் ஆண்டு. நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டும் வேலையில் இருந்த 22 வயது இளைஞர் ஒருவர், மாலை நேரங்களில் பழுது பார்க்கும் வேலையும் செய்து வந்தார். ஒரு சனிக்கிழமை மாலை, வேன் எஞ்சின் ஒன்றைக் கழற்றினார். நைலான் கயிற்றை எஞ்சினில் கட்டி, கூரை விட்டத்துக்கு மேலே போட்டு, நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். எஞ்சின் இடுப்பு உயரம் வந்தது. வேனைப் பின்னால் தள்ளினார்கள். அப்போது விட்டம் இரண்டாகப் பிளந்தது. எஞ்சினும் மரமும் தகரமும் ஒன்றாகக் கீழே வந்தன. அவருடைய வலது பாதம் நசுங்கிப் போயிற்று. மருத்துவமனையில் பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுகிற ஒருவருக்குப் பாதம் போனால் என்ன மிச்சம்? அது வேலைக்காட்டில் நடந்த விபத்தும் அல்ல. மாலையில், சொந்த வேலையில் நடந்தது. அதை வேலை விபத்தாக சொக்சோவில் பதிய வழி இல்லாமல் போயிற்று. நாம் மருத்துவமனைக்குப் போனபோது அவருடைய தாயார் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது.

"தம்பி, குடிச்சிட்டுச் சுத்துற புள்ளைங்க எல்லாம் நல்லாத்தானே இருக்குதுங்க? எம் புள்ள உழைச்சதா தப்பு?"

தப்பில்லை, தோழர்களே. உழைப்பில் குறையில்லை, துணிச்சலிலும் குறையில்லை. கணக்கு ஒன்றுதான் குறைந்து போயிற்று.

இப்போது அவர் பட்டணத்தில் தையல் இயந்திரம் பழுது பார்த்துப் பிழைக்கிறார். இந்தக் கதையை எழுதலாமா என்று போன மாதம் கேட்டோம். "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் போடாதீங்க" என்றவர், சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "கயிறு புதுசுதாண்ணே. நான் கயிறைத்தான் பாத்தேன். விட்டத்தைப் பாக்கல."

இந்த வாரக் கட்டுரையின் சாரம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

கூரை ஏன் தாங்காது?

நம் கொட்டகைக் கூரை தகரத்தைத் தாங்கவும் காற்று மழையைச் சமாளிக்கவும் கட்டப்பட்டது. ஓர் எஞ்சினின் முழு எடையும் ஒரே இடத்தில் தொங்கும் என்று எந்தத் தச்சரும் கணக்குப் போட்டு அதைக் கட்டவில்லை. போதாததற்குக் கறையான் வேறு. வெளியே வண்ணம் பளபளக்கும், உள்ளே மரம் பொடியாகியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 200 கிலோ எஞ்சினைக் கயிறு கட்டி, விட்டத்தின் மேலே போட்டு, மறுமுனையை நாம் கீழ்நோக்கி இழுக்கிறோம். விட்டம் எவ்வளவு தாங்குகிறது? 200 கிலோ என்பார்கள். தப்பு! எஞ்சின் ஒரு பக்கம் 200 கிலோ இழுக்கிறது. அதைத் தூக்க நாமும் மறுபக்கம் அதே அளவு இழுக்கிறோம். இரண்டும் சேர்ந்து விட்டத்தின் மேல் 400 கிலோ! மரத்தில் கயிறு உரசும்போது இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருப்பதால், அதற்கும் மேலே போகும்.

செயின் பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அரை டன் தூக்கும்போதும் கைச்சங்கிலியில் நாம் இழுப்பது ஏறக்குறைய 25 கிலோதான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, சுமை ஓர் அடி ஏற 25, 30 அடி சங்கிலி இழுக்க வேண்டும். பொறுமைக்குப் பலன் உண்டு. கையை விட்டாலும் உள்ளே இருக்கும் பிரேக் சுமையை அப்படியே பிடித்துக்கொள்ளும். கயிற்றுக்குப் பிரேக் ஏது?

ஆனால் எவ்வளவு நல்ல செயின் பிளாக்காக இருந்தாலும், அதை மாட்டும் இடம் பழுது என்றால் என்ன பயன்? பாமாயில் மில்லில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். அவித்த பழக்கூண்டைத் தூக்கும் கிரேனைக் கூரைத் தகரம் பிடித்திருக்கும் சட்டத்திலா மாட்டியிருக்கிறார்கள்? அதைத் தாங்குவதற்கென்றே கனத்த இரும்பும் தூணும் போட்டிருப்பார்கள். மில்லுக்கு உள்ள அந்த நியாயம் நம் கொட்டகைக்கும் பொருந்தும்.

முதலில் எடையைத் தெரிந்துகொள்

எதைத் தூக்கப் போகிறோம்? கார், வேன் எஞ்சின்கள் பெரும்பாலும் 100 முதல் 250 கிலோவுக்குள் இருக்கும். சிறிய கப்சாய் ஒன்று முழுசாக 100 கிலோ அளவு. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், 50 கிலோ உர மூட்டைகள் ஐந்து சேர்ந்தால் ஒரு கனமான வேன் எஞ்சின்.

தூக்கும் எடையைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் பொருளை வாங்க வேண்டும். 250 கிலோ தூக்குபவருக்கு அரை டன் செயின் பிளாக். சுமை சில சமயம் குலுங்கும், திடீரென்று இறங்கும். அந்த அதிர்ச்சிக்கும் இடம் விட வேண்டும். தாங்கும் எடை பொறிக்கப்படாத செயின் பிளாக்கை, மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய இரும்புக் கடையில் வாங்காதீர்கள். எடை போடாத சாமான் நமக்கு ஆகாது.

தன் காலில் நிற்கும் சட்டம்

நம் இளைஞருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான். கூரையைத் தொடாதே. கொட்டகைக்குள்ளே தனியாக ஓர் இரும்புச் சட்டம் நிறுத்து. பந்து விளையாடும் திடலில் கோல் கம்பம் நிற்கிறதே, அதுபோல. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக் காலும் ஒற்றைக் கம்பாக இருக்கக் கூடாது. ஏணியை விரித்து வைத்தது போல, இரண்டு கனத்த 3 அங்குலக் குழாய்கள் மேலே சேர்ந்து கீழே 5 அடி விரிந்து நிற்க வேண்டும். விரிந்த கால்களைக் கீழே ஒரு குறுக்குக் குழாயால் பிணைக்க வேண்டும். அப்போதுதான் முன்னும் பின்னும் சாயாது.

மேலே போடும் விட்டம் 'ஐ' வடிவ இரும்பு. 6 அங்குல உயரம், 3 அங்குல அகலம் உள்ளது, இரண்டு கால்களுக்கும் நடுவே 10 அடி தூரத்துக்கு அரை டன்னைத் தாராளமாகத் தாங்கும். உயரமான பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி போட வேண்டும். ஏன் தெரியுமா? நாலுக்கு இரண்டு அங்குலப் பலகையைப் படுக்க வைத்து அதன் மேல் ஏறி நின்று பாருங்கள், வளையும். அதையே விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மடங்கு பலம். இரும்புக்கும் அதே விதிதான்.

கால்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. 10 அடியை 20 அடி ஆக்கினால், அதே சுமைக்கு விட்டத்தை வளைக்கும் வேகம் இரண்டு மடங்காகும். நடுவில் தொய்வதோ எட்டு மடங்காகும்! ஒரு வேன் நுழையும் அகலம் போதும். பத்தடிக்கு மேலோ அரை டன்னுக்கு மேலோ வேண்டுமென்றால், அது நம் கணக்கு அன்று. பொறியாளரிடம் போக வேண்டும்.

விட்டமும் கால்களும் சேரும் மூலையில், இரண்டு பக்கமும் 2 அடி நீளச் சாய்வுக் கம்பி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் பக்கவாட்டில் மடங்கும். துரு அரித்த இரும்பு, இடையிடையே ஓட்டை போட்ட இரும்பு வேண்டாம். வெல்டிங் வேலையைப் பயிற்சி பெற்ற வெல்டரிடம் கொடுங்கள். மாமன் மகன் வெல்டிங் மெஷின் வைத்திருக்கிறான் என்பதற்காக அவனிடம் கொடுக்காதீர்கள்.

உயரம் எவ்வளவு? கீழிருந்து கூட்டிப் பாருங்கள். வேனின் முன்பக்கம் 3½ அடி. எஞ்சின் 2½ அடி. கட்டும் வார் 1½ அடி. செயின் பிளாக் 1 அடி. கைவசம் அரை அடி. ஆக 9 அடி. பலர் இந்தக் கணக்கைப் போடாமல் சட்டத்தை எழுப்பிவிட்டு, பிறகு எஞ்சின் வேனைத் தாண்டாமல் பாதியில் நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

போல்ட்டு போடுவதில் ஒரு சூட்சுமம்

இளைஞர் கேட்டார்: "எல்லாத்தையும் வெல்டிங் அடிச்சிட்டா உறுதிதானே அண்ணே?"

உறுதிதான். ஆனால் லயத்து வீடு யாருடையது, தம்பி? கொட்டகை நிற்கும் மண் யாருடையது? நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், வெல்டிங் அடித்த சட்டத்தை அறுத்துப் போட்டு விட்டுத்தான் போக வேண்டும். எத்தனை தோட்டத்தில் நம்மவர்கள் தென்னையையும் மாட்டுக் கொட்டகையையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறியதைப் பார்த்திருக்கிறோம்! ஆகவே விட்டத்துக்கும் காலுக்கும் தகடு வைத்துப் போல்ட்டு போடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் நான்கு போல்ட்டு, ஒவ்வொன்றுக்கும் இரட்டை நட்டு. கழற்றினால் ஒரு லாரியில் ஏறிவிடும். போகிற இடத்தில் மறுபடி நிறுத்தலாம். தொழில் நம்மோடு வரும்.

கொட்டகைத் தரையில் பூசியிருக்கும் மெல்லிய சிமெண்டை நம்பாதீர்கள். நான்கு கால்களுக்கும் நான்கு குழி. ஒன்றரை அடி சதுரம், 2 அடி ஆழம். சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற கலவை. அதில் போல்ட்டுகளைப் பதித்து, காலின் அடித்தகட்டை மேலே முடுக்க வேண்டும். ஒரு வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். 28 நாள் பொறுத்தால் மிக நல்லது. குழி வெட்டுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

கொக்கியும் வாரும்

செயின் பிளாக்கை விட்டத்தின் நடுவே, அதற்கென்று விற்கும் பிடிப்பானைக் கொண்டு மாட்டுங்கள். கம்பியைச் சுற்றிக் கட்டக் கூடாது. விட்டத்தில் ஓடும் சக்கர வண்டி ஆசை ஆரம்பத்தில் வேண்டாம். எஞ்சினை நேர் மேலே தூக்கி, வேனைப் பின்னால் தள்ளிக்கொண்டால் போதும். பிறகு சக்கர வண்டி வைத்தாலும், விட்டத்தின் இரு முனையிலும் தடுப்பு இல்லாமல் வைக்காதீர்கள்.

எஞ்சினைக் கட்ட நைலான் கயிறு உதவாது. முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதி வரை இழந்துவிடும். தூக்குவதற்கென்றே நெய்த வார் கடையில் கிடைக்கிறது. அதில் தாங்கும் எடை எழுதித் தைத்திருப்பார்கள். ஊதா நிறம் ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன் என்பது வழக்கம். நிறத்தோடு நின்றுவிடாமல் எழுத்தையும் படியுங்கள். கூரான விளிம்பில் வார் படும் இடத்தில் பழைய டயர் டியூப்பை வெட்டி வையுங்கள்.

இரண்டு வார்களைக் கொக்கியில் மாட்டும்போது கோணத்தைக் கவனிக்க வேண்டும். சுமை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வார்களுக்கும் இடையே 60 பாகைக் கோணம் என்றால், ஒவ்வொரு வாரும் 58 கிலோ தாங்குகிறது. 90 பாகைக்கு விரிந்தால் 71 கிலோ. 120 பாகை ஆனால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோ! 150 பாகையில் 193 கிலோ! வாரைக் குட்டையாகக் கட்டி அகல விரித்தால், தூக்குவது ஒரே எஞ்சின்தான், ஆனால் வாருக்கு அது இரண்டு எஞ்சின். இரண்டு வாரும் எஞ்சினும் சேர்ந்து மூன்று பக்கமும் சமமான முக்கோணமாகத் தெரிந்தால் அதுதான் 60 பாகை. அதைவிட விரிய விடாதீர்கள்.

கொக்கியின் வாயில் தாழ்ப்பாள் இருக்கிறதா? வாய் விரிந்திருக்கிறதா? சங்கிலி முறுக்கியிருக்கிறதா? ஒவ்வொரு முறையும் பாருங்கள். வாய் விரிந்த கொக்கியைச் சுத்தியலால் அடித்து நேராக்கக் கூடாது. தூக்கி எறியுங்கள்.

முதலில் தண்ணீர் டிரம்

சட்டம் எழும்பியதும் ஆசையில் எஞ்சினைத் தூக்கிவிடக் கூடாது. சோதனை செய்ய வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. 44 கேலன் டிரம் நமக்குத் தெரியும். 200 லிட்டர் பிடிக்கும். நிறைய தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ, டிரம்மோடு ஏறக்குறைய 220 கிலோ. அப்படி இரண்டு டிரம்மை உறுதியான பலகைத் தட்டில் நிறுத்தி, தட்டைச் சுற்றி வாரைக் கட்டி, டிரம்கள் சாயாதபடி பிணைத்து, தரையிலிருந்து அரை அடி மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

தூக்குமுன் விட்டத்தின் இரு முனைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் சுமை தொங்கட்டும். நூலுக்கும் விட்டத்துக்கும் நடுவே எவ்வளவு தொய்கிறது? பத்தடி விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். இறக்கியபின் பழைய நிலைக்குத் திரும்புகிறதா? வெல்டிங்கில் கீறல் உண்டா? சிமெண்டில் வெடிப்பு உண்டா? எல்லாம் சரி என்றால் விட்டத்தில் பெரிய எழுத்தில் '500 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது' என்று வண்ணத்தால் எழுதுங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். நாம் இல்லாத நேரத்தில் வேறொருவர் வந்து தூக்கலாம். அவருக்கும் உயிர் ஒன்றுதான்.

தூக்கும்போது மறக்கக் கூடாதவை

ஒன்று: தொங்கும் சுமைக்குக் கீழே தலையோ கையோ காலோ போகக் கூடாது. ஒரு நொடிக்கும் கூடாது.

இரண்டு: முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். எல்லாக் கட்டும் சரியா என்று பார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

மூன்று: கைச்சங்கிலியை ஒருவர் மட்டுமே இழுக்க வேண்டும். ஒருவரால் முடியவில்லை என்று இரண்டாவது ஆளைக் கூப்பிடாதீர்கள். முடியவில்லை என்றால் சுமை கூடிப் போயிற்று, அல்லது எங்கோ மாட்டிக்கொண்டது என்று பொருள். செயின் பிளாக் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை அது.

நான்கு: நேர் கீழே உள்ளதைத்தான் தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது.

ஐந்து: எஞ்சினைத் தொங்கவிட்டு அதில் வேலை செய்யாதீர்கள். தாங்கியில் இறக்கி வைத்து வேலை செய்யுங்கள். சாப்பிடப் போகும்போது எதுவும் தொங்கக் கூடாது.

ஆறு: பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். லயத்துப் பிள்ளைகளுக்குச் சங்கிலி என்றால் ஊஞ்சல்!

தோட்டத்துப் பட்டறையில்

சொந்தக் கொட்டகைக்குச் சொன்னது தோட்டத்துப் பட்டறைக்கும் பொருந்தும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவு நமக்கு ஓர் உரிமை தருகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. எடை பொறிக்காத செயின் பிளாக்கில் டிராக்டர் கியர்பாக்ஸைத் தூக்கச் சொன்னால், "முடியாது" என்று முறைத்துக்கொண்டு போக வேண்டாம். "இதுல எடை போடலைங்க, கொக்கி விரிஞ்சிருக்குது, மாத்திக் கொடுங்க" என்று முதலில் சொல்லுங்கள். எப்போது, யாரிடம் சொன்னோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளைத் தலைவரிடம் வாருங்கள்.

சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. மாலை நேரத்தில் காசு வாங்கி வேலை செய்பவர்கள், தங்களுக்கு அதில் இடம் உண்டா என்று பக்கத்து சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். அடி பட்ட பிறகு விசாரிப்பதில் பயனில்லை.

சரி, நம் இளைஞர் என்ன செய்தார்? மூன்று மாதம் காசு சேர்த்தார். செயின் பிளாக்கை முதலில் வாங்கவில்லை. இரும்பை முதலில் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் குழி வெட்டிக் கொடுத்தார்கள். போன மாதம் டிரம் சோதனைக்கு நம்மையும் அழைத்திருந்தார். லயமே கூடி நின்றது. தண்ணீர் டிரம் இரண்டும் அரை அடி எழும்பி நின்றன. நூலைப் பார்த்தோம். தொய்வு கால் அங்குலத்துக்கும் குறைவு. அவருடைய தாயார் மட்டும் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "எல்லாம் இறக்கியாச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இறக்கியாயிற்று அம்மா. யாருக்கும் ஒன்றும் இல்லை.

தோழர்களே! தூக்கும்போது நம் கண் கயிற்றிலும் சுமையிலும் மட்டுமே இருக்கிறது. தாங்குவது எது என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. இனிமேல் முதலில் மேலே பாருங்கள். அடுத்து காலுக்குக் கீழே உள்ள தரையைப் பாருங்கள். அதற்குப் பிறகு சங்கிலியைத் தொடுங்கள். உழைக்கும் கை காலைத் தவிர நமக்கு வேறு சொத்து என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் சந்திப்போம்.